ஜமுக்காளக் கடைக்கு ரீடார்கெட்டிங்: நான்கு தளங்களிலும் விளம்பரம் செய்ய வேண்டுமா?

கேள்வி: தறிக்கடை

வணக்கம். பவானி ஜமுக்காளமும் சென்னிமலைப் போர்வையும் விற்கும் எங்கள் குடும்பக் கடைக்காக ஷாப்பிஃபையில் ஓர் இணையக் கடை நடத்துகிறேன். மாதம் 3,000 பேர் அளவில் வருகிறார்கள். ஜமுக்காளத்தின் படத்தைப் பார்க்கிறார்கள், அளவுப் பட்டியலைத் திறக்கிறார்கள், சிலர் கார்ட்டில்கூடப் போட்டுவிட்டு வாங்காமல் போய்விடுகிறார்கள். பின்னர் வந்து வாங்கியவர்களிடம் தொலைபேசியில் கேட்டால், "கூடத்தை அளந்து பார்த்துவிட்டு வாங்கலாம் என்றிருந்தோம்" என்றே பலரும் சொல்கிறார்கள். அப்படி அளக்கப் போனவர்களை விளம்பரம் காட்டி மீண்டும் அழைத்து வருவதற்கு (ரீடார்கெட்டிங்) மாதம் 15,000 ரூபாய் ஒதுக்க முடியும். மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்), கூகுள், கிரிட்டியோ, ஆட்ரோல் ஆகிய நான்கு விளம்பரத் தளங்களிலும் ஒரே நேரத்தில் விளம்பரம் செய்ய வேண்டும் என்று ஒரு முகவர் சொல்கிறார். இந்தத் தொகையை நான்காகப் பிரிப்பது சரியா?

பதில் 1: கண்ணாடிவளையல்

பிரிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மாதம் 3,000 பேர் வரும் கடையில் கார்ட் வரை போனவர்கள் மிகக் குறைவாகவே இருப்பார்கள். அவர்களிலும் ஒரு பகுதியினரைத்தான் எந்தத் தளத்தாலும் அடையாளம் காண முடியும். சஃபாரி உலாவி 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கிகளை (ஒருவரைத் தளம் விட்டுத் தளம் அடையாளம் காண விளம்பர நிறுவனங்கள் உலாவியில் வைக்கும் சிறு கோப்புகளை) முழுவதுமாகத் தடுத்துவிட்டது. 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5-க்குப் பிறகு, ஐபோன் செயலிகள் ஒருவரைப் பின்தொடர அவருடைய அனுமதியைக் கேட்க வேண்டியிருக்கிறது. கூகுள் டிஸ்ப்ளே விளம்பரத்துக்கு (பிற தளங்களிலும் செயலிகளிலும் காட்டும் பட விளம்பரம்), கடைக்கு வந்துபோனவர்களின் பட்டியலில் கடைசி 30 நாட்களில் குறைந்தது 100 பேராவது இருக்க வேண்டும். சிறிய பட்டியலை நான்கு இடங்களில் வைத்தால் நான்கும் ஒரே ஆளைத் துரத்தும், விற்பனைக்கான பெருமையையும் நான்கும் தனித்தனியே எடுத்துக்கொள்ளும்.

ஜமுக்காளம் கண்ணால் பார்த்து வாங்கும் பொருள் என்பதால் மெட்டாவின் கேட்லாக் விளம்பரத்தில் (கடையின் பொருள் பட்டியலிலிருந்து, ஒருவர் பார்த்த பொருளையே அவருக்குக் காட்டுவது) தொடங்குங்கள். பக்கத்தில் வைத்து, வந்தவர் என்ன பார்த்தார் என்பதை உலாவி வழியே மெட்டாவுக்கு அனுப்பும் குறிநிரலான பிக்சலை மட்டும் நம்பாமல், அதையே கடையின் சர்வரிலிருந்து நேரடியாக அனுப்பும் கன்வெர்ஷன்ஸ் ஏபிஐயையும் ஷாப்பிஃபையின் மெட்டா செயலியில் இயக்குங்கள். இணையதளத்துக்கு வந்தவர்களை மெட்டா 180 நாட்கள் வரை பட்டியலில் வைத்திருக்கும், ஆனால் கூடத்தை அளக்க யாருக்கும் ஆறு மாதம் ஆகாது. கார்ட்டில் போட்டவர்களுக்கு 7 நாள், பொருளைப் பார்த்தவர்களுக்கு 21 நாள் என்று வையுங்கள். வாங்கியவர்களை உடனே நீக்கிவிடுங்கள், ஏனென்றால் ஒரு ஜமுக்காளம் வாங்கிய வீட்டில் அடுத்தது வாங்கப் பல ஆண்டுகள் ஆகும்.

தளத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பக்கத்திலிருந்து போகும் பொருள் எண்ணும் கேட்லாக்கில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கூகுளுக்குப் பொருள் பட்டியலைக் கொடுக்கும் இடமான மெர்ச்சன்ட் சென்டரில் அந்த எண் நாட்டுக் குறியீட்டோடு நீளமாக இருக்கும், பக்கத்தில் வைத்த டேக் (கூகுளின் குறிநிரல்) வெறும் எண்ணை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும். என் வளையல் கடையில் இது தெரியாமல், 2.6 அளவைப் பார்த்துவிட்டுப் போனவருக்குக் குழந்தை வளையலைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பதில் 2: கணக்குப்பிள்ளை

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் மெட்டா காட்டும் விற்பனை எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். சொடுக்கிய 7 நாட்களுக்குள் வாங்கியவரையும், விளம்பரம் கண்ணில் பட்ட ஒரு நாளுக்குள் வாங்கியவரையும் அது இயல்பாகவே தன் கணக்கில் சேர்க்கும். அளந்துவிட்டு எப்படியும் திரும்பி வந்திருக்கக்கூடியவரும் அதில் இருப்பார். பெங்களூரு போன்ற ஓர் ஊருக்கு மட்டும் ஒரு மாதம் ரீடார்கெட்டிங்கை நிறுத்தி, அங்கிருந்து வரும் ஆர்டர் உண்மையில் குறைகிறதா என்று பாருங்கள். ஆர்டர்கள் குறைவாக இருந்தால் ஒரு மாதமும் போதாது, பொறுமை வேண்டும்.

கூகுளில் சிறு தொகையைக் கடையின் பெயர்த் தேடலுக்கு வையுங்கள், ஏனென்றால் திரும்பி வருகிறவர்களில் பலர் பெயரைத் தட்டித்தான் வருவார்கள். டிஸ்ப்ளே எடுத்தால் மொபைல் விளையாட்டுச் செயலிகளை விலக்குங்கள், குழந்தைகளின் விரல் பட்டே பணம் கரைந்துவிடும். 15,000 ரூபாய்க்கு 18% ஜிஎஸ்டி சேர்ந்து 17,700 ஆகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பதில் 3: சாளரம்

கிரிட்டியோ, ஆட்ரோல் போன்றவை பல இணையதளங்களில் பரந்து விளம்பரம் காட்டுபவை, வருகை பெருகிய பிறகு பார்க்கலாம். குரோமில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை நீக்கும் திட்டத்தைக் கூகுள் 2024 ஜூலையில் கைவிட்டதால் அந்த வழி இன்னும் அடைபடவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் தரவைப் பயன்படுத்த ஒருவர் ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. ஒப்புதல் கேட்கும் பட்டையைத் தமிழிலும் வையுங்கள், உங்களிடம் வாங்கும் அம்மாக்களுக்கு அது புரிய வேண்டும்.

தறிக்கடை

மூவருக்கும் நன்றி. இன்று பார்த்தபோது, ஆறுக்கு ஒன்பது அடி ஜமுக்காளத்தைத் திறந்தால் பிக்சல் நான்குக்கு ஆறின் எண்ணை அனுப்புவது தெரிந்தது. இதைச் சரிசெய்த பிறகு மெட்டாவில் 12,000, பெயர்த் தேடலுக்கு 3,000 என்று தொடங்குகிறேன், முகவரிடமும் இதையே சொல்லிவிட்டேன்.