கொய்யா மரத்தில் கொண்டைக்குருவிக் கூடு, கீழே கடுவன் பூனை. என்ன செய்யலாம்?

கொட்டகலைக் கொய்யா:
வணக்கம். எங்கள் லயத்தின் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்) கடைசிக் காம்பராவை (வீட்டை) ஒட்டி நிற்கிற கொய்யா மரத்தில் கொண்டைக்குருவி முட்டை இட்டிருக்கிறது. ஏழடி உயரம் இருக்கும். எலித் தொல்லைக்காக இங்கே வீட்டுக்கு வீடு பூனை, அதில் ஒரு கடுவன் மரத்தடியை விட்டு நகர மாட்டேன் என்கிறது. மிளகாய்த்தூள் தூவு, பெனாயில் ஊற்று என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கூட்டை எடுத்து இஸ்தோப்பில் (வீட்டு முன்தாழ்வாரத்தில்) கட்டிவிடலாமா?

பதுளையான்:
வேண்டாம் தம்பி. கை பட்டாலே தாய் விட்டுவிடும் என்பது சும்மா பேச்சு, ஆனால் இடம் மாற்றினால் அது பழைய கிளையையே சுற்றிக்கொண்டிருக்கும், முட்டை குளிர்ந்துபோகும். அடிமரத்தில் வழுக்குத் தகரம் சுற்றுங்கள். இரண்டடி அகலம், கீழ் விளிம்பு நாலடி உயரத்தில், நகம் பதியாத மழமழப்பான தகரமாக இருக்க வேண்டும் (நெளித்தகரம் சரிவராது, நெளிவில் கால் வைத்து ஏறிவிடும்). ஆணி அடிக்காமல் கம்பியால் கட்டி, வெட்டிய ஓரத்தை மடித்துவிடுங்கள். குருவி இரை தேடப் போகிற நேரம் பார்த்துச் சட்டென்று முடித்துவிட்டு விலகிவிடுங்கள்.

தேயிலைக்காரி:
மிளகாய்த்தூள் நம்ம மழைக்கு ஒரு பொழுது நிற்காது, அதுவரை பூனையின் கண்ணும் வாயும்தான் எரியும். பெனாயில் பூனைக்கு நஞ்சு, காலில் பட்டதை நக்கியே செத்துவிடும். அப்புறம் குருவியை விட்டுவிட்டுப் பக்கத்துக் காம்பராவோடு சண்டைதான்.

கொட்டகலைக் கொய்யா:
தகரம் கிடைக்கும் அண்ணே. ஆனால் ஒரு கிளை கூரை மேலேயே கிடக்கிறதே? லயத்துக் கூரை ஒரே நீளம், அந்தக் கோடியில் ஏறுகிற பூனை இந்தக் கோடி வரை நடந்தே வந்துவிடும்.

பதுளையான்:
அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்! அந்தக் கிளையைக் கயிறு போட்டு இழுத்து, கூரையிலிருந்து ஆறேழு அடி விலக்கிக் கட்டுங்கள். முடியாவிட்டால் அந்த நுனியை மட்டும் வெட்டுங்கள். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மரத்தையே மொட்டை அடித்துவிட வேண்டாம், கூட்டுக்கு மேலே இருக்கிற இலை போனால் காகம் பார்த்துவிடும்.

தேயிலைக்காரி:
முட்டை பொரிக்க இரண்டு வாரம், குஞ்சு கூட்டில் இருப்பது இன்னும் இரண்டு வாரத்துக்குள். கடைசி இரண்டு மூன்று நாள்தான் ஆபத்து, ஏனென்றால் சரியாகப் பறக்கத் தெரிவதற்கு முன்னாலேயே குஞ்சு குதித்து இறங்கிவிடும், வால்கூட முளைத்திருக்காது. அப்போது தகரம் உதவாது. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் பூனையை வெளியே விட்டுத்தானே கதவைப் பூட்டுகிறார்கள், அந்தச் சில நாளைக்கு மட்டும் காலையில் உள்ளேயே சோறு வைத்து அடைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். தரையில் குஞ்சைக் கண்டால் வீட்டுக்குள் கொண்டுபோகாமல் பக்கத்துப் புதரில் உயரமாக ஏற்றி வையுங்கள், தாய் சத்தம் கேட்டு வந்து ஊட்டும்.

கொட்டகலைக் கொய்யா:
கிளையை இழுத்துக் கட்டியாகிவிட்டது, குருவி திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது. தகரம் நாளைக்கு. கடுவன் வீட்டு அக்காவிடமும் பேசினேன், அடைத்து வைக்கிறேன், ஆனால் அதுவரை எலியை நீ வந்து பிடி என்கிறார்.

பதுளையான்:
எலிப்பொறி ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள் தம்பி. நஞ்சு மட்டும் வைக்க வேண்டாம்.