புதுப்பிப்பு: நீர்க்கரை நடையில் பின்வரிசைக்குக் குரல் கேட்காத சிக்கல் தீர்ந்தது

நகரத்தின் நீர்க்கரையோரம் 22 பேரைக் கூட்டிக்கொண்டு நடக்கும்போது, நான் விளக்குவது பின்னால் வருபவர்களுக்குக் கேட்பதில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை நடை நல்லபடியாக முடிந்தது.

பலன் தந்தது, "தண்ணீருக்கு முதுகு காட்டி நின்று பேசுங்கள்" என்ற யோசனைதான். பகலில் நிலம் தண்ணீரைவிடச் சீக்கிரம் சூடேறுவதால், பிற்பகலில் காற்று பெரும்பாலும் தண்ணீர்ப் பக்கமிருந்து கரையை நோக்கி வீசும். பேச்சும் அதோடு சேர்ந்து போகிறது. இத்தனை நாளும் நான் காற்றை எதிர்த்துக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்! நடந்துகொண்டே பேசுவதையும் விட்டுவிட்டேன். கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தேன். கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

எதிர்பாராதது ஒன்று: சாயும் வெயில் நீரில் பட்டுத் தெறித்ததில், என்னைப் பார்த்து நின்றவர்களுக்குக் கண் கூசியது. மூன்றாவது நிறுத்தத்தில் எல்லோரையும் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினேன், சரியாகிவிட்டது.

அப்புறம், விடிகாலை நடைக்கு இது எடுபடாமல் போகலாம். அப்போது காற்று கரையிலிருந்து தண்ணீருக்குப் போகக்கூடும். பேசும் முன் ஒரு கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.