ரவா தோசையில் ஓட்டல் மாதிரி ஓட்டை விழவில்லை, எங்கே தப்பு?

கேள்வி (ஆனியன்ரவா):
ரவை 1 கப், அரிசி மாவு அரை கப், மைதா அரை கப், தண்ணீர் 2 கப், கரைத்து 10 நிமிடம் ஊற வைத்தது. சல்லடை மாதிரி ஓட்டை வரவில்லை. மொத்தையாக, சவசவவென்று இருக்கிறது, திருப்பினால் நடுவில் பிய்கிறது. முதல் இரண்டு தோசை பரவாயில்லை, கடைசியில் வருவது அடை மாதிரி. கல் இரும்புதான். என்ன மாற்ற வேண்டும்?

பதில் (கரண்டிகாம்பு):
முதல் தப்பு தண்ணீர். 2 கப் மாவுக்கு 2 கப் தண்ணீர் போதவே போதாது. மாவு சூடான கல்லில் விழுந்ததும் அதிலுள்ள தண்ணீர் கொதித்து ஆவியாக வெளியேறும் இடம்தான் ஓட்டை. கெட்டியாக இருந்தால் ஆவியால் மாவைப் பிளந்துகொண்டு வர முடியாது.

அளவு இப்படி வையுங்கள்: வறுக்காத ரவை 1 கப், அரிசி மாவு 1 கப், மைதா கால் கப். மொறுமொறுப்பு அரிசி மாவால் வருவது. மைதா வலையைப் பிய்யாமல் பிடித்து வைக்க மட்டும், அது கூடினால் ரப்பர்தான். புளித்த மோர் அரை கப், தண்ணீர் 3 கப் ஊற்றிக் கரைத்து அரை மணி நேரம் ஊற விடுங்கள். ரவை தண்ணீரைக் குடித்து மாவு இறுகியிருக்கும், மறுபடி 1 கப் சேர்க்க வேண்டும். இந்த இரண்டாவது தண்ணீரைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கரண்டியில் எடுத்து ஊற்றினால் நீர்மோர் மாதிரி ஓட வேண்டும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், ஊற்றுங்கள்.

கடைசி தோசை அடையாவதற்குக் காரணம் ரவை அடியில் தங்குவது. ஒவ்வொரு தோசைக்கும் முன்னால் அடிவரை கலக்கித்தான் எடுக்க வேண்டும். நாலைந்து தோசைக்குப் பிறகு ஒரு கை தண்ணீர் தெளித்துக் கலக்கினால் சரியாகிவிடும்.

பதில் (இரும்புக்கல்):
மேலே சொன்னது சரி. ஆனால் மாவு சரியாக இருந்தும் கல் காயாவிட்டால் ஓட்டை விழாது. தண்ணீர் தெளித்தால் துளி துள்ளி ஓடி மறைய வேண்டும். சாதா தோசைக்குக் கல்லை ஆற்றிவிட்டுத்தான் ஊற்றுவோம், இல்லாவிட்டால் தேய்க்க வராது. இங்கே தேய்ப்பதே இல்லை, அதனால் ஊற்றும்போது சூடு குறையக் கூடாது.

எண்ணெய் தடவி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை முதலில் கல்லில் தூவுங்கள். மாவில் கலந்தால் நீர் விட்டு நமத்துப் போகும். பிறகு மாவை ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றியபடி, ஓரத்தில் தொடங்கி வட்டமாக நடுவுக்கு வாருங்கள். கரண்டியால் தொடவே கூடாது. பெரிய இடைவெளி இருந்தால் மட்டும் கொஞ்சம் ஊற்றி அடைக்கலாம், சின்ன ஓட்டையை அடைத்தால் மொத்தை. சுற்றிலும் ஒரு ஸ்பூன் எண்ணெய் அல்லது நெய், தீ மிதமாக, 3 முதல் 4 நிமிடம். ஓரம் தானாகக் கிளம்பும்வரை தோசைத்திருப்பியை எடுக்காதீர்கள். பிய்வது முழுக்க அவசரத்தால்தான். திருப்பவும் தேவையில்லை, ஒரு பக்கம் வெந்தால் போதும்.

பதில் (மிளகுசீரகம்):
மோர் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அரை கப்புக்கு மேல் போனால் தோசை மெத்தென்று ஆகிவிடும். சிவக்கவில்லை என்றால் அரை ஸ்பூன் சர்க்கரை அல்லது ஒரு ஸ்பூன் கடலை மாவு போதும். மிளகை ஒன்றிரண்டாகப் பொடித்துப் போடுங்கள், இஞ்சியும் பச்சை மிளகாயும் மிகப் பொடியாக இருக்கட்டும். பெரிய துண்டு இருந்தால் அந்த இடத்தில் வலை அறுந்துவிடும்.

ஆனியன்ரவா:
நன்றி. இன்னொன்று: மடித்து வைத்தால் 5 நிமிடத்தில் நமத்துவிடுகிறதே? ஓட்டல் பார்சலும் அப்படித்தான்.

பதில் (இரும்புக்கல்):
எங்கே சுட்டாலும் அப்படித்தான். இலையில் சுற்றினால் அதன் ஆவி அதையே நனைத்துவிடும். அதனால் ரவா தோசை பார்சலுக்கு ஆகாத பண்டம். வீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் சுடச்சுடப் பரிமாறுங்கள். கொஞ்ச நேரம் வைத்தே ஆக வேண்டுமென்றால் மடிக்காமல் கம்பி வலைமேல் வையுங்கள். ஓட்டலில் "ரவா லேட் ஆகும் சார்" என்று சொன்னால் நல்ல அறிகுறி, கல்லில் நேரம் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். அதுவரை ஒரு இட்லி வாங்கிக்கொள்ளலாம். தோசை வந்ததும் சாம்பாரை மேலே ஊற்றிவிடாதீர்கள், கிண்ணத்தில் தொட்டுச் சாப்பிடுங்கள்.