37 வயதில் மாதவிடாய் நின்றுவிட்டது, ஹார்மோன் சிகிச்சை எடுத்தவர்கள் சொல்லுங்கள்

தோழிகளுக்கு வணக்கம். எனக்கு 37 வயது, மதுரை. போன வருடம் மாதவிடாய் நின்றுபோனது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை எஃப்எஸ்எச் (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை செய்தார்கள், இரண்டிலும் அதிகம், அதாவது சினைப்பை சரியாக வேலை செய்யவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்ள எழுந்து உட்காருகிறேன். ஃபேன் ஐந்தில் ஓடும், பக்கத்தில் மகள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவாள். அப்புறம் காரணமே இல்லாமல் வரும் அழுகை, அதுதான் என்னை ரொம்ப வாட்டுகிறது.

டாக்டர் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும், கர்ப்பப்பை இருப்பதால் அதன் உள்சுவரைக் காக்கப் புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் எழுதியிருக்கிறார். 50 வயதுவரை தொடர வேண்டுமாம், எலும்புக்கும் இதயத்துக்கும் அது தேவை என்கிறார். வீட்டிலோ புற்றுநோய் வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். 2002-இல் அந்தப் பயத்தைக் கிளப்பிய அமெரிக்க ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63, உன் நிலைமை வேறு என்று டாக்டர் விளக்கினார். எனக்குப் புரிகிறது, அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை.

40-க்கு முன்பே நின்று, இந்த மருந்தை எடுப்பவர்கள் இருக்கிறீர்களா? தூக்கமும் மனசும் சரியாக எத்தனை நாள் ஆனது? ஜெல்லா, மாத்திரையா, எது ஒத்துவந்தது? எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எப்போது எடுக்கச் சொன்னார்கள்? வீட்டில் எப்படிப் பேசிப் புரியவைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இங்கே எழுதத் தயக்கமாக இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள்.