இருபது விதையும் ஓர் உருளைக்கிழங்கும்

குழு: பி விங் தமிழ்க் குடும்பங்கள், மாட்டுங்கா, மும்பை

ஞாயிறு, இரவு 8.40

கவின் அம்மா: ஜூனியர் கேஜி பெற்றோர்களே, வாரத் திட்டம் வந்துவிட்டது. தலைப்பு ‘மழை’. திங்கள்: வட்டமாக உட்கார்ந்து பேச்சு, ‘எஸ்’ ஒலி. செவ்வாய்: எண் 4, ஏதாவது விதை 20 கொடுத்தனுப்ப வேண்டும். புதன்: மூழ்குமா, மிதக்குமா. வியாழன்: களிமண். வெள்ளி: வீட்டு மொழிக் கதை, ஒரு பெற்றோர் நேரில் வந்து சொல்ல வேண்டும்.

நிலா அப்பா: நானும் பார்த்தேன். இதில் எழுதுவது எந்தக் கிழமை என்று யாராவது கண்டுபிடித்துச் சொல்லுங்கள். இரண்டு முறை படித்துவிட்டேன்.

நிலா அப்பா: பள்ளி திறந்து ஐந்து வாரம் ஆகிறது. நிலாவின் பையிலிருந்து இதுவரை வந்தவை: ஒரு கூழாங்கல், இரண்டு வாதாம் இலை, உடைந்த மெழுகு வண்ணக் குச்சி. நோட்டில் ஓர் ஆங்கில ‘ஏ’ கூடக் கிடையாது. கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். கட்டணத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடிக்கிறது.

நிலா அம்மா: கூழாங்கல் இரண்டு. இன்னொன்று வாஷிங் மெஷினில் கிடைத்தது.

ஆதிரை அம்மா: எங்கள் வீட்டில் வேறு கதை. ‘எஸ்’ எங்கே, காட்டு என்றால் ஆதிரை விழிக்கிறாள். ‘ஸ்ஸ்ஸ்’ என்றால் உடனே காட்டுகிறாள். பாம்பு வளர்க்கிறேனா, பிள்ளை வளர்க்கிறேனா தெரியவில்லை.

டீச்சர் பாட்டி: ஆதிரை அம்மா, அவள் சரியாகத்தான் செய்கிறாள். ஆங்கிலத்தில் எழுத்துக்குப் பெயர் வேறு, ஒலி வேறு. ‘எஸ்’, ‘ஏ’, ‘டி’ என்று பெயரை அடுக்கினால் ‘சாட்’ வராது. ஒலியை அடுக்கினால் வரும். அதனால்தான் பல பள்ளிகள் ஏ, பி, சி வரிசையை விட்டு எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்று தொடங்குகின்றன. இந்த ஆறை வைத்தே பின், டேப், சிட் என்று எத்தனையோ சொற்கள் கட்டலாம். தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. ‘ப’ என்றால் ப. பெயரும் ஒலியும் ஒன்றுதான்.

நிலா அப்பா: டீச்சர் அம்மா, ஒலி இருக்கட்டும். கை எப்போது எழுதும்?

டீச்சர் பாட்டி: நிலாவுக்கு எத்தனை வயது முடிந்திருக்கிறது?

நிலா அம்மா: நாலு வயது மூன்று மாதம்.

டீச்சர் பாட்டி: ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள். நீங்கள் ஒரு வட்டம், ஒரு கூட்டல் குறி, ஒரு சதுரம், ஒரு முக்கோணம் வரையுங்கள். அவள் பார்த்து வரையட்டும். கையைப் பிடிக்காதீர்கள், திருத்தாதீர்கள். படத்தை இங்கே போடுங்கள்.

கவின் தாத்தா: (ரோஜாப்பூப் படம்) அனைவருக்கும் இனிய இரவு வணக்கம்!

நிலா அப்பா: (படம்) வட்டம் நன்றாக இருக்கிறது. கூட்டல் குறியும் பரவாயில்லை. சதுரத்துக்கு மூலை மழுங்கிவிட்டது. முக்கோணம் கேட்டேன், உருளைக்கிழங்கு வந்திருக்கிறது. மூலை எங்கே என்று கேட்டால், ‘அது அப்புறம் முளைக்கும்’ என்கிறாள்.

டீச்சர் பாட்டி: முளைக்கும், அவள் சொன்னது உண்மை. வட்டம் மூன்று வயதில் வரும். கூட்டல் குறி நாலில். சதுரம் நாலரையை ஒட்டி. முக்கோணம் ஐந்துக்குப் பக்கத்தில். சில மாதங்கள் முன்பின் இருக்கலாம். இப்போது நீங்கள் கேட்கும் ‘ஏ’யைப் பாருங்கள். இரண்டு சாய்கோடு, நடுவில் ஒரு படுகோடு. முக்கோணத்தின் சாய்கோடு வராத கைக்கு ‘ஏ’ எப்படி வரும்? இன்று அடித்து எழுதவைத்தால் எழுதுவாள். பென்சிலை முஷ்டியில் பிடித்து, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதுவாள். அந்தப் பிடி பழகிப்போனால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

நிலா அப்பா: அப்படியானால் தமிழ்? ‘அ’ சொல்லிக்கொடுக்கலாமா?

டீச்சர் பாட்டி: ‘அ’வை ஒரு முறை நீங்களே மெதுவாக எழுதிப் பாருங்கள். சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நிமிர்ந்த கோடு. வாசலில் வைத்த பூட்டு அது. ‘ட’ என்பது ஒரு நின்ற கோடு, ஒரு படுத்த கோடு. ‘ப’வுக்கு இன்னொரு கோடு. ‘ம’வில் ஒரு சிறு வளைவு. இந்த மூன்றை வைத்தே படம், பட்டம், மடம் வந்துவிடும். வடிவம் எளிதானதில் தொடங்கும் இந்த முறையில்தான் நான் சொல்லிக்கொடுத்தேன். அதற்கும் அவசரம் வேண்டாம். தாம்பாளத்தில் அரிசி மாவைப் பரப்பி விரலால் எழுதட்டும். மாவு கலைந்தால் யாரும் திட்டப்போவதில்லை.

நிலா அம்மா: மாவு என் சமையலறையில் கலையும், டீச்சர் அம்மா.

திங்கள், இரவு 9.15

கவின் அம்மா: விதைக்கு என்ன செய்கிறீர்கள்? எங்கள் வீட்டில் புளியங்கொட்டை இருக்கிறது.

கவின் தாத்தா: ஊரிலிருந்து வந்த பல்லாங்குழிப் பையில் குன்றிமணி நிறைய இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும். எல்லாருக்கும் 20 தருகிறேன்.

ஆதிரை அம்மா: தாத்தா, தயவுசெய்து வேண்டாம். குன்றிமணி நஞ்சு. ஓடு உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்துவிட்டால், அல்லது மாலை கோப்பதற்காக ஊசியால் துளைத்த மணியாக இருந்தால், ஆபத்து. குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் பையை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். நான் வார்டில் வேலை செய்பவள், கேட்டுக்கொள்ளுங்கள்.

கவின் தாத்தா: எங்கள் காலத்தில் அதை வைத்துத்தான் விளையாடினோம். சரி, மேலே வைத்துவிட்டேன்.

நிலா அப்பா: ஏன் சரியாக 20?

டீச்சர் பாட்டி: கணக்குக்காரர் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாளை எண் 4. குழிக்கு நாலு போட்டால் ஐந்து குழி நிறையும். ஒரு கையில் விரலுக்கு ஒரு குழி.

கவின் அம்மா: டீச்சர் அம்மா, ஒரு சந்தேகம். கவின் தட்டில் இருக்கும் இட்லியைத் தொட்டுத் தொட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பிசகாமல் எண்ணுகிறான். ‘அப்படியானால் எத்தனை இட்லி?’ என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறான். மூன்றாவது முறை கேட்டதும் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டான்.

டீச்சர் பாட்டி: தின்றது நல்ல பதில். எண்களை வரிசையாகச் சொல்வது ஒரு படி. ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று தொட்டு எண்ணுவது அடுத்த படி. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவது மூன்றாவது படி. அவன் இரண்டாவதில் நிற்கிறான். நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளைகள் இந்த மூன்றாவது படியில் தடுக்கி விழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ‘நாலு இட்லி எடுத்துக் கொடு’ என்று கேட்டுப் பாருங்கள். எண்ணச் சொல்வதைவிட எடுத்துத் தரச் சொல்வது நல்ல சோதனை.

செவ்வாய், இரவு 7.50

கவின் அம்மா: ஆதிரை அம்மா, அவசரம்! மீந்த புளியங்கொட்டையில் ஒன்றைக் கவின் மூக்கில் போட்டுக்கொண்டுவிட்டான். கண்ணுக்குத் தெரிகிறது. ஹேர்பின்னால் எடுக்கவா?

ஆதிரை அம்மா: எதையும் உள்ளே விடாதீர்கள். உள்ளே தள்ளிவிடும். வாயால் மூச்சுவிடச் சொல்லுங்கள், உறிஞ்சக் கூடாது. தண்ணீரும் விடாதீர்கள், விதை ஊறினால் உப்பிவிடும். மூக்கு மருத்துவரிடம் உடனே போங்கள். நான் கீழே வருகிறேன்.

கவின் அம்மா: (9.05) எடுத்தாயிற்று. இரண்டு நிமிட வேலை. நான் அழுதேன், அவன் அழவில்லை. ‘ஏன்டா போட்டாய்?’ என்று மருத்துவர் கேட்டார். ‘அது அஞ்சாவது குழி’ என்றான்.

நிலா அப்பா: மன்னியுங்கள், சிரித்துவிட்டேன்.

புதன், காலை 7.20

ஆதிரை அம்மா: கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர். மாநகராட்சி பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்துவிட்டது. இரவுப் பணி முடித்து இன்னும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. ஆதிரையை யாராவது பார்த்துக்கொள்ள முடியுமா?

டீச்சர் பாட்டி: என் வீட்டுக்கு, 102க்கு அனுப்புங்கள். மற்ற பிள்ளைகளும் வரட்டும். மூழ்குமா மிதக்குமாவை இங்கேயே வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு பொருள், ஒரு மாற்றுச் சட்டை.

நிலா அப்பா: (பகல் 12.30) அலுவலகம் போக முடியவில்லை. நானும் 102இல்தான் இருந்தேன். ஒரு வாளித் தண்ணீர், அதைச் சுற்றி ஐந்து பிள்ளைகள். போடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், மூழ்குமா, மிதக்குமா என்று. பெரியதெல்லாம் மூழ்கும், சிறியதெல்லாம் மிதக்கும் என்று ஐவருக்கும் ஒரே கட்சி. டீச்சர் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆப்பிளைப் போட்டார். மிதந்தது. ஒரு ரூபாய்க் காசைப் போட்டார். அடியில் போய் உட்கார்ந்தது. ஐந்து வாயும் திறந்தபடி நின்றன. நிலா ஆப்பிளை இரண்டு கையாலும் அமுக்கினாள். விட்டதும் குதித்து மேலே வந்தது. ‘தண்ணி தள்ளுதுப்பா’ என்றாள். அதை நான் எட்டாம் வகுப்பில் வரையறையாக மனப்பாடம் செய்தேன், கையில் உணர்ந்ததில்லை.

நிலா அம்மா: இவருடைய வேட்டி மூழ்கியது பற்றி எழுதவில்லை பாருங்கள்.

நிலா அப்பா: டீச்சர் அம்மா, இதையெல்லாம் எங்கே கற்றீர்கள்?

டீச்சர் பாட்டி: தாராவியில் முப்பது வருடம் பாலர் பள்ளி நடத்தினேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரின் ஆசிரியை, இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து நடத்திய பயிற்சியில் படித்தவர். ஆனால் மாண்டிசோரி சாமான்கள் விலை அதிகம், எங்களுக்குக் கட்டுபடியாகாது. நம் மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக், அனுதாய் வாக் இருவரும் போர்டியிலும் கோஸ்பாடிலும் ஆதிவாசிப் பிள்ளைகளுக்குக் கல், இலை, கிளிஞ்சல் வைத்தே கற்பித்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோனார்கள். அங்கன்வாடி என்ற பெயரே முற்றத்திலிருந்து வந்ததுதான். ஆகவே நிலாவின் பையில் வந்த கூழாங்கல்லைத் தூக்கி எறியாதீர்கள்.

நிலா அப்பா: ஒன்று என் மேசையில் தாள் பறக்காமல் இருக்க உதவுகிறது.

வியாழன், மாலை 6.10

கவின் அம்மா: இன்று பள்ளி உண்டு. களிமண் முடிந்தது. நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக் கதைக்குச் சீட்டுக் குலுக்கியதில் நிலா அப்பா பெயர் வந்திருக்கிறதாம். வாழ்த்துகள்!

நிலா அப்பா: ஐயோ. வகுப்பில் பாதிப் பேர் குஜராத்தி, மீதிப் பேர் மராத்தி. தமிழில் சொன்னால் யாருக்குப் புரியும்? இந்தியில் சொல்லட்டுமா?

டீச்சர் பாட்டி: வீட்டு மொழி என்றுதானே போட்டிருக்கிறார்கள். இந்த வயதில் வீட்டு மொழியே முதன்மை என்று 2022இல் வந்த, அடித்தளக் கட்டத்துக்கான (மூன்று முதல் எட்டு வயது வரை) தேசியப் பாடத்திட்டச் சட்டகமும் சொல்கிறது. அதைவிட முக்கியம், நிலாவின் மொழி அந்த வகுப்பில் ஒரு தடவையாவது சத்தமாகக் கேட்க வேண்டும். கதை வேண்டாம். ஒரு மத்து எடுத்துக்கொண்டு போங்கள். பருப்பு கடையும் விளையாட்டு தெரியுமல்லவா?

நிலா அப்பா: என் பாட்டி செய்வார். முழங்கையால் உள்ளங்கையில் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் சோறு கொடுத்து, கடைசியில் கையில் நண்டு ஏறும். சொற்கள் மறந்துவிட்டன.

நிலா அம்மா: எனக்குத் தெரியும். இன்று இரவு பாடம் எடுக்கிறேன். கட்டணம் உண்டு.

வெள்ளி, பகல் 1.15

நிலா அப்பா: போய் வந்தேன். முதல் ஐந்து நிமிடம் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மத்தைக் காட்டியதும், இது எங்கள் வீட்டிலும் இருக்கிறது என்று நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள், மோர் கடைவதாம். பிறகு ஒரு பையனின் கையில் கடைந்து, விரல் விரலாக அம்மாவுக்கு, அப்பாவுக்கு, பாட்டிக்கு, நிலாவுக்குக் கொடுத்தேன். கட்டைவிரலுக்கு மீதியில்லை. எல்லாரும் பதறிவிட்டார்கள். ஒரு பெண் தன் டப்பாவைத் திறந்து பிஸ்கட்டை அவன் கட்டைவிரலில் வைத்தாள். நண்டு அக்குளுக்கு ஏறியபோது வகுப்பே உருண்டது.

நிலா அப்பா: நிலா என் பக்கத்தில் நின்று, ‘நண்டு’ என்றால் என்ன என்று எல்லாருக்கும் இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் என் கையை விடவேயில்லை.

ஆதிரை அம்மா: ஆதிரை வந்ததிலிருந்து எங்கள் பூனைக்குப் பருப்பு கடைந்துகொண்டிருக்கிறாள்.

சனி, மாலை 5.30

கவின் அம்மா: அடுத்த வாரத் திட்டம்! பழைய செய்தித்தாள் 4, துணிக் கிளிப் 10. தாள் கிழிப்பதும், கிளிப்பை அமுக்கித் தாளின் ஓரத்தில் மாட்டுவதும். யார் வீட்டில் இன்னும் செய்தித்தாள் வருகிறது?

கவின் தாத்தா: எங்கள் வீட்டில் வருகிறது. ஆனால் குறுக்கெழுத்துப் பக்கத்தைத் தரமாட்டேன்.

நிலா அப்பா: கிளிப் எதற்கு என்று இந்த முறை நான் கேட்கப்போவதில்லை. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல். பென்சில் பிடிக்கும் அதே மூன்று விரல். சரிதானே, டீச்சர் அம்மா?

நிலா அம்மா: மூன்று விரல் சரி, கிளிப்புக்கு எங்கே போவது? வீட்டுக்குள் கட்டிய கொடியில் மூன்று நாள் ஈரத்துணி தொங்குகிறது. நேற்றே பத்தைக் கழற்றி அப்பாவும் மகளும் அட்டையில் மாட்டி விளையாடினார்கள். என் புடவை தரையில் கிடந்தது.

டீச்சர் பாட்டி: என்னிடம் 12 இருக்கிறது. கதவு திறந்துதான் இருக்கும், நிலாவையே அனுப்புங்கள். பத்து எண்ணி எடுத்துக்கொள்ளட்டும்.