ஏறின வியூஸ் இறங்கிவிட்டது, கடைக்காரர் என்னைப் பிடிக்கிறார். விளக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

புட்வால்வ் (சுன்னாகம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வோட்டர் பம், லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) திருத்துகிற ஆள். ஒரு சின்ன யூரியூப் சனலும் நடத்துகிறேன். பம் தண்ணீர் இழுக்காவிட்டால் எங்கே பார்ப்பது, மண்ணெண்ணெயில் ஓடுகிற என்ஜின் கரும்புகை தள்ளினால் என்ன செய்வது, இப்படியான வீடியோக்கள்தான். பார்க்கிறவர்களில் கனபேர் தோட்டக்காரர். இணுவில், உரும்பிராய், புத்தூர், கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்து போன் எடுத்துக் கேட்பார்கள். ஒரு வீடியோ ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வியூஸ் போனால் எனக்கு அது நல்ல வீடியோ.

போன மாதம் ஒரு உதிரிப்பாகக் கடைக்காரர் தன் கடைச் சாமான்களைக் காட்டி ஒரு வீடியோ செய்து தரச் சொன்னார், செய்தேன். அதன் பிறகு அவர் எனக்குச் சொல்லாமல், வியூஸ் கூட்டித் தருகிறேன் என்று வந்த ஒரு பெடியனிடம் காசும் கொடுத்து லிங்கையும் கொடுத்திருக்கிறார். இரண்டு இரவில் 38 ஆயிரம் ஏறியது. கடைக்காரருக்குச் சரியான சந்தோசம், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போனைக் காட்டினார். அடுத்த கிழமை பார்த்தால் 9 ஆயிரத்துச் சொச்சம். இப்போது அவர், நான் ஏதோ செய்து குறைத்துவிட்டேன் என்கிறார். எனக்கு அந்த எண்ணைத் தொடவே வழியில்லை என்று சொன்னால் நம்புகிறார் இல்லை.

யூரியூப் எதைத்தான் ஒரு வியூ என்று எண்ணுகிறது? எண்ணினதை எப்படித் திரும்ப எடுக்கிறது? சனலுக்கு ஆபத்து வருமா? வருமானம் வரும் கட்டத்துக்கு நான் இன்னும் போகவில்லை, அதற்கு வேண்டிய பார்வை மணித்தியாலம் இப்போதுதான் சேர்ந்து வருகிறது. பேசாமல் அந்த வீடியோவை அழித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பனங்கூடல் எழுதியது:

30 விநாடி பார்த்தால்தான் ஒரு வியூ அண்ணை. ஒரு ஐபி முகவரிக்கு, அதாவது ஒரு இணைய இணைப்பின் அடையாள எண்ணுக்கு, ஒன்றுதான் எண்ணும். அந்தப் பெடியன் ஒரே கொம்பியூட்டரில் திரும்பத் திரும்ப ஓட்டியிருப்பான், அதுதான் கழித்துவிட்டார்கள். அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

மதி (தாவடி) எழுதியது:

தம்பி, அழிக்க வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன். நான் கனகாலம் இணைய விளம்பரக் கணக்குப் பார்க்கிற வேலையில் இருந்தேன். இப்போது ஊரில் இருந்துகொண்டு சில கோயில்களின் திருவிழா நேரலைகளையும் சில சனல்களையும் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் பிரச்சினை என்னிடம் அடிக்கடி வருகிறது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பனங்கூடல் சொன்ன 30 விநாடி விளம்பரத்துக்கு உரிய கணக்கு. தாண்டிப் போகக்கூடிய விளம்பரத்தை ஒருவர் 30 விநாடி பார்த்தால், அல்லது விளம்பரம் அதைவிடச் சின்னதென்றால் முழுவதும் பார்த்தால், அல்லது அதை அழுத்தினால், கூகுள் அதை ஒரு பார்வையாக எடுக்கும். நீங்கள் போடுகிற சாதாரண வீடியோவுக்கு இத்தனை விநாடி என்று யூரியூப் வெளியே சொன்னதில்லை. சொன்னால் அடுத்த நாளே சரியாக 31 விநாடி ஓட்டுகிற மென்பொருள் விலைக்கு வந்துவிடும். ஒரு ஐபிக்கு ஒரு வியூ என்பதும் சரிவராது. போன் கம்பனிகள் கனபேரை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் விடுகின்றன. அந்த விதியை வைத்தால் ஒரு ஊரே ஒரு ஆளாகிவிடும்.

யூரியூப் எண்ண விரும்புவது ஒன்றைத்தான்: ஒரு மனிதர் தானாக விரும்பிப் போட்டுப் பார்த்தாரா? வேறு தளத்தில் ஒட்டிவைத்த யூரியூப் வீடியோ தானாகவே ஓடத் தொடங்கினால் அது பொது எண்ணிக்கையில் சேராது, பார்க்கிறவர் பிளே பட்டனை அழுத்தியிருக்க வேண்டும் என்று மென்பொருள் எழுதுகிறவர்களுக்கான அவர்களின் குறிப்பிலேயே இருக்கிறது. விரும்பினாரா இல்லையா என்பதை ஒரு இயந்திரம் நேரே பார்க்க முடியாது. ஊகிக்கத்தான் முடியும். ஆகவே நீங்கள் காண்கிற எண் ஒரு தீர்ப்பு. தீர்ப்பு என்றால் பிறகு மாறலாம்.

2015 வரைக்கும் இது எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. நன்றாக ஓடுகிற புது வீடியோவின் எண் 301 என்ற இடத்தில் வந்து நின்றுவிடும், லைக் மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கும். 300 வரைக்கும் அப்படியே காட்டிவிட்டு, அதற்கு மேல் போனால் பொய் வியூ இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகுதான் எண்ணைக் கூட்டினார்கள். 2015 ஓகஸ்ட்டில் அந்த நிறுத்தத்தை எடுத்தார்கள். இப்போது எண் ஓடிக்கொண்டே இருக்கும், சரிபார்ப்பு பின்னால் நடக்கும். உங்கள் சுன்னாகம் சந்தையில் மூட்டையை முதலில் நிறுப்பார்கள், பிறகு கழிவு கழித்துத் துண்டு எழுதுவார்கள் அல்லவா, அதே ஒழுங்குதான். உங்கள் கடைக்காரர் போனில் காட்டியது கழிவு கழிக்காத நிறை.

பொய் வியூ எப்படி வருகிறது என்று தெரிந்தால் எப்படிப் பிடிபடுகிறது என்பதும் விளங்கும். மலிவானது, வாடகை சேர்வரில் நூற்றுக்கணக்கான பிரவுசரைத் திறந்து வீடியோவை ஓட்டுவது. வீட்டு இணைப்பில் இருந்து வருகிற ஓட்டமும் சேர்வர் நிலையத்தில் இருந்து வருகிற ஓட்டமும் முகவரியிலேயே பிரிந்து தெரியும், அதனால் இது கெதியில் பிடிபடும். அடுத்தது, வைரஸ் பிடித்த மற்றவர்களின் கொம்பியூட்டர்கள் வழியாக ஓட்டுவது. இதில் முகவரி உண்மையான வீட்டு முகவரி. மூன்றாவது, வேறு ஏதோ தளத்துக்குப் போகிறவரின் திரைக்குப் பின்னால் ஒரு பக்கத்தைத் திறந்து வீடியோவை ஓடவிடுவது. ஆளும் உண்மை, போனும் உண்மை, ஆனால் அவர் உங்கள் பம்மைப் பார்க்கவே இல்லை. பிடிப்பதற்குக் கஷ்டமானது இதுதான்.

உள்ளே என்ன விதி வைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் சொல்வதில்லை. ஆனால் மனிதர் பார்க்கிற விதத்தைப் பொய்யாகச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கு வேலையில் நன்றாகத் தெரிந்தது. மனிதர் தேடி வருவார், பாதியில் விடுவார், பின்னால் இழுத்துத் திரும்பப் பார்ப்பார், சத்தத்தைக் கூட்டுவார், அடுத்த வீடியோவுக்குப் போவார், எப்போதாவது ஒரு கொமன்ற் போடுவார். விற்பனை வியூ எங்கிருந்தோ வந்து விழும், எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரம் ஓடும், அப்படியே மறையும். அதற்கு முன்னும் ஒன்றுமில்லை, பின்னும் ஒன்றுமில்லை.

இது சின்ன விசயம் அல்ல. 2013இல் ஒரு கட்டத்தில் யூரியூப்புக்கு வந்த பொய் ஓட்டம் உண்மையான மனிதரின் ஓட்டத்துக்குச் சமமாக இருந்தது என்று அந்தக் கம்பனியே சொன்னதாக நியூயோர்க் ரைம்ஸ் 2018இல் எழுதியது. பொய் இன்னும் கூடினால், கண்டுபிடிக்கிற முறை தலைகீழாகி, மனிதரைப் பொய் என்றும் பொய்யை மனிதர் என்றும் எடுத்துவிடுமோ என்று அங்குள்ள பொறியியலாளர்கள் பயந்திருக்கிறார்கள். ஒழுங்காக வீடியோ செய்கிற ஒருவரின் எண்கூடச் சில நேரம் நின்று நின்று ஏறுவது இதனால்தான். எனக்கு இந்தக் காசு வாங்கி வியூ விற்கிற ஆட்கள்மேல் கோபம் வருவதும் இதனால்தான். அவர்கள் குப்பை கொட்டுவது எல்லோருடைய கணக்கிலும்.

நீங்கள் யூரியூப் ஸ்ரூடியோவில் (சனல் நடத்துகிறவர் தன் கணக்கைப் பார்க்கிற இடம்) அந்த வீடியோவின் அனலிற்றிக்ஸைத் திறந்து மூன்றைப் பாருங்கள்: வியூஸ் எந்த வழியால் வந்தது, சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார்கள், எந்த நாடு. பிறகு உங்கள் பழைய நல்ல வீடியோ ஒன்றையும் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

புட்வால்வ் எழுதியது:

நன்றி அக்கா. பார்த்தேன். கடை வீடியோவில் தேடலில் இருந்தும் சப்ஸ்கிரைபரிடம் இருந்தும் வந்தது ஆயிரத்துச் சொச்சம். மிச்சம் முழுவதும் வெளித்தளங்கள் என்று காட்டுகிறது. சராசரி நேரம் 14 விநாடி. எனக்கு ஒரு கொமன்ற்கூட வராத நாடுகள் மேலே நிற்கின்றன, இலங்கை நாலாவது இடம்.

பழைய வீடியோ ஒன்று, புட்வால்வ் (பம் குழாயின் அடியில் இருக்கிற வால்வு) வோசர் மாற்றுகிறது, அதைப் பக்கத்தில் வைத்தேன். சராசரி நாலு நிமிடத்துக்கு மேல். இலங்கை முதலாவது, பிறகு இந்தியா. ஒரு விசயம் நான் இதுவரை கவனிக்கவில்லை. எத்தனை பேர் எந்த இடத்தில் பார்த்தார்கள் என்ற கோடு இருக்கிறதே, அது மெல்ல இறங்கிக்கொண்டு வந்து, வோசரை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று நான் கையில் வைத்துக் காட்டுகிற இடத்தில் திரும்ப மேலே எழும்புகிறது. கடை வீடியோவில் அந்தக் கோடு தொடக்கத்திலேயே செங்குத்தாக விழுந்து, பிறகு நிலத்தோடு படுத்துக்கிடக்கிறது.

மதி (தாவடி) எழுதியது:

அந்த மேடு ஆட்கள் பின்னால் இழுத்து இன்னொரு தரம் பார்த்த இடம் தம்பி. ஒருவர் கிணற்றடியில் போனை வைத்துக்கொண்டு, கையில் வோசரோடு, நீங்கள் செய்ததைப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார். அந்த ஆயிரத்து ஐந்நூறு வியூவுக்கு நான் இந்த 38 ஆயிரத்தைவிட அதிக காசு கொடுப்பேன். கடைக்காரருக்கு இந்த இரண்டு கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

மிச்சமிருக்கிற 9 ஆயிரமும் இன்னும் குறையலாம், குறையாமலும் விடலாம். அதை நம்பிக் கதைக்க வேண்டாம்.

சனலின் பாதுகாப்புப் பற்றி. நீங்கள் ஒருவரைப் புரமோஷனுக்குப் பிடித்தால், அவர் செய்கிறது உங்கள் சனலைப் பாதிக்கலாம் என்று யூரியூப்பின் போலி ஈடுபாட்டு விதியில் எழுதியிருக்கிறது. விதியை மீறினால் வீடியோவை எடுக்கலாம், எச்சரிக்கை தரலாம், அதற்குப் பிறகு ஸ்ரைக், அதாவது சனலின் பெயரில் விழுகிற குற்றப்பதிவு. 90 நாளுக்குள் மூன்று ஸ்ரைக் என்றால் சனலே போகும். ஆகவே கடைக்காரரிடம் சொல்லி அந்தப் பெடியனை உடனே நிற்பாட்டுங்கள். இனி உங்கள் லிங்கை வைத்து யாரும் வியூ வாங்கக்கூடாது என்பதைக் காசு பேசும்போதே எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வசனம் போதும்.

அழிக்க வேண்டாம் என்றதன் காரணம்: உங்களைப் போல நீள வீடியோ போடுகிறவருக்கு விளம்பர வருமானம் வர 1,000 சப்ஸ்கிரைபரும் கடைசி 12 மாதத்தில் 4,000 மணித்தியாலமும் வேண்டும். அழித்த வீடியோவின் மணித்தியாலமும், பிரைவேற் ஆக்கினதும், லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கிறபடி மறைத்ததும் அந்தக் கணக்கில் வராது. அந்த வீடியோவில் ஆயிரம் தோட்டக்காரர் உண்மையாகப் பார்த்த நேரமும் இருக்கிறது. அதை ஏன் கொட்டுவான்?

கடைக்காரர் உண்மையாகவே விளம்பரம் செய்ய விரும்பினால் கூகுள் விளம்பரத்திலோ ஸ்ரூடியோவுக்குள் இருக்கிற புரமோஷன் பகுதியிலோ காசு கட்டட்டும். அது சட்டப்படியான வழி, இலங்கைக்கு மட்டும் காட்டு என்று சொல்லலாம். ஆனால் அந்த விளம்பரத்தில் ஓடின நேரம் உங்கள் 4,000 மணித்தியாலத்தில் சேராது. அதை அவருக்கு முதலே சொல்லிவிடுங்கள்.

வல்வைப் பட்டம் எழுதியது:

அக்கா, இடையில் ஒரு கேள்வி. தைப்பொங்கல் பட்டப்போட்டியில் எடுத்த ஒரே வீடியோவை யூரியூப் ஷோர்ட்ஸ், ரிக்ரொக், பேஸ்புக் மூன்றிலும் போட்டேன். மூன்றிலும் மூன்று எண். எது உண்மை?

மதி (தாவடி) எழுதியது:

மூன்றும் வேறு வேறு அளவு தம்பி, ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. ரிக்ரொக்கில் ஓடத் தொடங்கினாலே ஒன்று. ஷோர்ட்ஸும் 2025 மார்ச் 31இல் இருந்து அப்படித்தான், தொடங்கினாலும் திரும்ப ஓடினாலும் எண்ணும். ஆனால் காசும் தகுதியும் பார்க்கிறபோது யூரியூப், தொடர்ந்து பார்த்ததை மட்டும் எண்ணுகிற பழைய கணக்கைத்தான் எடுக்கிறது, அது ஸ்ரூடியோவில் தனியாக இருக்கும். பேஸ்புக் கனகாலம் 3 விநாடியை ஒரு பார்வை என்றது. 2016இல் ஒரு வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதைக் கூட்டிக் காட்டிவிட்டோம் என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். 3 விநாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை அந்தச் சராசரியில் சேர்க்காமல் விட்டதுதான் பிழை. விளம்பரதாரர்கள் வழக்குப் போட்டு, 2019இல் 4 கோடி டொலருக்குச் சமரசமானது.

குறைத்து எண்ணப்படுவதும் இருக்கிறது. நல்லூர்த் தேரன்று கனடாவில் ஒரு வீட்டு ரிவியில் அம்மம்மா தொடக்கம் பேரப்பிள்ளை வரைக்கும் எட்டுப் பேர் இருந்து நேரலை பார்த்தாலும் அது ஒரு பார்வைதான். கோயில்காரர் எண்ணைப் பார்த்து மனம் சோர்ந்தால் நான் இதைச் சொல்வேன்.

கடைத்தெரு எழுதியது:

நான் யாழ் நகரில் ஹாட்வெயார் வைத்திருக்கிறேன். இரண்டு சனல்களுக்கு விளம்பரம் கொடுத்திருக்கிறேன். நான் கேட்பது வியூஸ் அல்ல, என்ன சொல்லைத் தேடி வந்தார்கள் என்ற பட்டியல். "பம் தண்ணி இழுக்கேல்லை" என்று தேடினவன் எனக்கு வாடிக்கையாளன். அதோடு வீடியோவில் ஒரு சொல்லைச் சொல்லச் சொல்வேன், கடையில் வந்து அந்தச் சொல்லைச் சொன்னால் நூறு ரூபா குறைப்பு. கல்லாவில் இருக்கிற தம்பி கொப்பியில் கோடு போட்டுக்கொண்டு வருவான். உங்கள் கடைக்காரருக்கும் இதைச் சொல்லிப் பாருங்கோ.

புட்வால்வ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடைக்காரரிடம் இரண்டு படத்தையும் காட்டினேன். முதலில் கதைக்கவில்லை. பிறகு வோசர் வீடியோவின் அந்த மேட்டில் விரலை வைத்து, இந்த வோசர் எங்களிடம் இருக்கிறதா என்று கடைப் பெடியனைக் கேட்டார். இரண்டு அளவுதான் இருந்தது. மற்ற அளவுகளையும் எடுக்கப்போகிறாராம், எடுத்த பிறகு அதைப்பற்றியே அடுத்த வீடியோ. அந்தப் புரமோஷன் பெடியனுக்கு என் முன்னாலேயே போன் எடுத்து நிற்பாட்டச் சொல்லிவிட்டார். கடைத்தெரு அண்ணை, குறைப்புக்கு "சூத்திரக்கிணறு" என்ற சொல்லை வைத்திருக்கிறோம்.