உதவி தேவை: லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம், தண்டையார்பேட்டை - கும்மிடிப்பூண்டி ஓட்டத்துக்கு முதல் பெரிய பைக் எது எடுக்கலாம்?

தண்டையார்பேட்டை27:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் எட்டு போட்டுக் கியர் வண்டி லைசென்ஸ் வாங்கினேன். எட்டு போட்டது தம்பியின் 110 சிசி வண்டியில், அதுவரை ஓட்டியதும் அது ஒன்றைத்தான். வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஷிப்ட். கம்பெனி வேன் இருக்கிறது, ஆனால் எங்கள் ஸ்டாப்தான் முதல் ஸ்டாப் என்பதால் காலை ஷிப்ட்டுக்கு நாலே காலுக்கே ரோட்டில் நிற்க வேண்டும், திரும்பும்போது கடைசியாக இறங்குவதும் நான்தான். ஒரு பைக் இருந்தால் ஒரு நாளில் இரண்டு மணி நேரம் மிச்சம். அது ஒரு காரணம். இன்னொன்று, பத்தாவது படிக்கும்போதிலிருந்தே பெரிய பைக் ஓட்ட வேண்டும் என்று ஆசை, அதையும் மறைக்கவில்லை.

பிரச்சினை இதுதான். போன சனிக்கிழமை ஒரு ஷோரூமில் 350 ஒன்றை டெஸ்ட் டிரைவ் எடுத்தேன். நேர் ரோட்டில் நன்றாகத்தான் போனது. திரும்பி வர யூ டர்ன் எடுத்தபோது எதிரே ஷேர் ஆட்டோ ஒன்று சட்டென்று உள்ளே வந்தது, பிரேக் பிடித்தேன், வண்டி அப்படியே வலது பக்கம் சாய்ந்துவிட்டது. காலை ஊன்றினேன், ஆனால் பிடிக்க முடியவில்லை, மெதுவாகக் கீழே போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடி ஒன்றும் இல்லை. பிரேக் லீவர் வளைந்தது, அதற்குப் பணம் கட்டினேன். அங்கிருந்தவர் "உங்க வெயிட்டுக்கு இதெல்லாம் வேணாம்மா, ஸ்கூட்டர் பாருங்க" என்றார். அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

உயரம் 5 அடி 3 அங்குலம். மனதில் மூன்று இருக்கின்றன: ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, இல்லை ஒரு 400, இல்லை தம்பியின் நண்பர் விற்கும் பழைய 650. வண்டி எனக்குக் கனம் அதிகமா, இல்லை நான் ஓட்டிய முறை தப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்_ஸ்பேனர்:

முதலில் ஒரு கேள்வி தங்கச்சி. சாய்ந்தபோது ஹேண்டில் வலது பக்கம் திரும்பி இருந்ததா? பிடித்தது முன் பிரேக்கா, பின் பிரேக்கா?

தண்டையார்பேட்டை27:

ஹேண்டில் நன்றாகத் திரும்பி இருந்தது அண்ணா. கைப் பிரேக்தான் பிடித்தேன். கால் பிரேக் ஞாபகத்துக்கே வரவில்லை.

பெரம்பூர்_ஸ்பேனர்:

அப்படியென்றால் விழுந்ததற்கும் உங்கள் வெயிட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஹேண்டில் திரும்பி இருக்கும்போது, நடக்கிற வேகத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் எந்த வண்டியும் திரும்பிய பக்கமே படுக்கும். 90 கிலோ ஆள் உட்கார்ந்திருந்தாலும் படுக்கும். தம்பியின் வண்டி 110 கிலோ பக்கம் இருக்கும், அதனால் இதே தப்பை அதில் நூறு தடவை செய்திருந்தாலும் கால் தாங்கியிருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. கிளாசிக் 195 கிலோ. ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் அதைக் காலால் நிறுத்தவே கூடாது, முட்டிதான் போகும். விட்டுவிட்டு விலகியது சரிதான்.

மெதுவாகத் திரும்பும்போது முன் பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். கிளட்ச் பாதிப் பிடியில், ஆக்சிலரேட்டர் ஒரே சீராகக் கொஞ்சம், பின் பிரேக்கை லேசாக உரசினாற்போல் வைத்திருங்கள். இஞ்சின் இழுக்கும், பிரேக் பிடித்துக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவில் வண்டி கயிற்றில் கட்டியது போல் நிமிர்ந்து நிற்கும். கண் எங்கே போக வேண்டுமோ அங்கே. ஆட்டோவைப் பார்த்தால் ஆட்டோவிடம்தான் போவீர்கள். ஆர்டிஓ ஆபீஸில் போட்ட எட்டு இருக்கிறதே, அது முழுக்க இந்த வித்தைதான். லைசென்ஸ் வாங்கியதும் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானம் ஒன்றில் தம்பியின் வண்டியிலேயே ஒரு மணி நேரம் எட்டு போடுங்கள், முன் பிரேக்கைத் தொடாமல். நாலு வாரம் செய்தால் கை தானாகப் பழகிவிடும்.

தூக்குவதையும் கற்றுக்கொள்ளுங்கள். வலது பக்கம் விழுந்தால் முதலில் இஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, சைடு ஸ்டாண்டை வெளியே இழுத்து விடுங்கள். அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை சீட்டில் ஒட்டி உட்கார்ந்து, ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின் கம்பியில், காலை உந்தி சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். தொடைதான் தூக்க வேண்டும், முதுகு இல்லை. என் கடையில் 50 கிலோ இருக்கிற பையன் 650-ஐ இப்படித்தான் தூக்குகிறான்.

ராயபுரம்_390:

நான் 400 பக்கம்தான் நிற்பேன் அக்கா. 350-ல் 20 குதிரைத் திறன், 400-ல் 40, ஏறத்தாழ இரண்டு மடங்கு. செங்குன்றம் தாண்டி ஹைவேயில் லாரியை ஓவர்டேக் செய்யும்போது 350 மூச்சு வாங்கும். கனமும் குறைவு: ட்ரையம்ப் ஸ்பீட் 400 எடுத்தால் 180 கிலோவுக்குள், கேடிஎம் 390 டியூக் 168 கிலோதான். ஏன் கனமான வண்டியை எடுத்துப் பாதிப் பவரோடு போக வேண்டும்?

பெரம்பூர்_ஸ்பேனர்:

தம்பி சொல்லும் கணக்கு சரி. ஆனால் அந்த 40 எங்கே கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். கிளாசிக்கில் இழுவை 27 நியூட்டன் மீட்டர், இஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும்போதே அது முழுதாக வந்துவிடுகிறது. 400 வகையில் 37, 39 என்று அதிகம், ஆனால் உச்சம் வருவது 6500 சுற்றில். மூலக்கடை சிக்னலில் முதல் கியரில் ஊரும்போது 6500-க்கு யார் போவார்கள்? புதிதாக ஓட்டுபவருக்குக் கீழே மெத்தென்று இழுக்கிற இஞ்சின் இருந்தால் கிளட்சில் தப்பு செய்தாலும் வண்டி ஆஃப் ஆகாமல் மன்னித்துவிடும். பள்ளத்தில் கை தெரியாமல் முறுக்கினாலும் 20 குதிரை பாயாது, 40 பாயும். ஒரு வருடம் ஓட்டியவர் கேட்டிருந்தால் நானே 400 என்றிருப்பேன்.

ராயபுரம்_390:

அதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. சிக்னலில் ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது அந்தச் சூடான காற்று முழுக்க முட்டிக்கு வருவதும் உண்மைதான், மே மாதத்தில் ரொம்பக் கஷ்டம்.

ட்ரெய்லர்_எண்ணூர்:

நான் பைக் ஆள் இல்லை, ஹார்பருக்குக் கன்டெய்னர் பெட்டி ஏற்றும் 40 அடி ட்ரெய்லர் ஓட்டுகிறேன். வண்டி எதை வேண்டுமானாலும் எடும்மா, எங்கள் பக்கத்து விஷயம் ஒன்றைக் கேட்டுக்கொள். நாங்கள் வலது பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். கேபினுக்கு இடது பக்கம், முன் சக்கரத்தை ஒட்டி வந்து நிற்கிற பைக் எங்களுக்குத் தெரியவே தெரியாது. எக்ஸ்பிரஸ் ரோட்டில் நாங்கள் வரிசையில் நிற்கும்போது இடது சந்தில் புகுந்து மூக்குக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள், வரிசை நகர்ந்தால் நாங்கள் எடுத்துவிடுவோம். என் சைடு கண்ணாடியில் என் முகம் உனக்குத் தெரிகிறதா என்று பார். தெரியவில்லை என்றால் நீ எனக்கு இல்லை. திரும்பும்போது பின் பெட்டி உள்பக்கம் அறுத்துக்கொண்டு வரும், இடது திருப்பத்தில் எங்கள் இடது பக்கம் வரவே வராதே. ஓரத்தில் மணல் படிந்திருக்கும், டீசல் சொட்டியிருக்கும், அங்கே பிரேக் பிடித்தால் வழுக்கும். எனக்கும் உன் வயதில் பொண்ணு இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

பழைய_350:

பழைய 650 பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நம் ஊரில் கியர் வண்டி லைசென்ஸ் ஒன்று இருந்தால் 100 சிசியும் ஓட்டலாம், 1000 சிசியும் ஓட்டலாம், சட்டம் தடுக்காது. பிரிட்டனில் அப்படி இல்லை. அங்கே 19 வயதில் கிடைக்கும் ஏ2 லைசென்ஸுக்கு உச்ச வரம்பு 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரைத் திறன். ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650-இன் சக்தி அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. அப்படியென்றால் 650 பயப்பட வேண்டிய வண்டி இல்லை, ஆனால் அங்கே இடைப்படியின் உச்சமாக வைத்திருப்பது நமக்கு முதல் படியாக வருகிறது. எடை 200 கிலோவுக்கு மேல். இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

அதையும் மீறி வாங்குவதாக இருந்தால், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் அந்த வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள். நான் நல்ல விலை என்று ஒரு பழைய வண்டி எடுத்து ஏமாந்தேன். வெளியே பாலிஷ் பளபளவென்று இருந்தது. மூன்றாவது மாதம் ஓடிக்கொண்டே இருக்கும்போது ஆஃப் ஆக ஆரம்பித்தது. சீட்டைக் கழற்றி வயர் கனெக்டர் ஒன்றைப் பிரித்தால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சை பூத்திருந்தது, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் சேறு காய்ந்து கோடு போட்டாற்போல் நின்றது. அந்தக் கோடுதான் தண்ணீர் நின்ற உயரம். அதனால் வாங்கும் முன் சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள், ஏர் பாக்ஸைத் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள். ஆர்சியில் லோன் பாக்கி இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் தளத்தில் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

பணக் கணக்கிலும் ஒரு கோடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேலே 40. இன்சூரன்ஸிலும் அதே கோடு: 2022 ஜூன் கட்டணப்படி புது வண்டிக்குக் கட்டாயமான ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு 350 வரை 7,365 ரூபாய், அதைத் தாண்டினால் 15,117. ராயல் என்ஃபீல்டின் கிளாசிக், ஹன்ட்டர், மீட்டியோர் மூன்றும் 349 சிசி. மிச்சமாகும் பணத்தை ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ என்று போடுங்கள். ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 எண்ணும் இருக்க வேண்டும், முகம் முழுக்க மூட வேண்டும், கன்னத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். பைக்குக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

காசிமேடு_காற்று:

நான் திருவொற்றியூரில் பிறந்தவன். 1955-ல் புல்லட்டைப் பாகங்களிலிருந்து பூட்டித் தயாரிக்க ஆரம்பித்த என்ஃபீல்டு கம்பெனி எங்கள் ஊர்தான் என்பதில் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமைக்காகக் கிளாசிக்கே வேண்டும் என்று நிற்காதீர்கள் சகோதரி. கிளாசிக் சீட் உயரம் 805 மி.மீ., சீட்டும் அகலம், தொடை விரிவதில் உங்கள் உயரத்துக்குக் குதிகால் தூக்கியே இருக்கும். அதே இஞ்சினோடு ஹன்ட்டர் 181 கிலோ, சக்கரம் 17 அங்குலம், சட்டென்று திரும்பும். மீட்டியோர் சீட் 765 மி.மீ.தான், பாதம் முழுக்கத் தரையில் படும், ஆனால் 191 கிலோ. இரண்டிலும் உட்கார்ந்து பாருங்கள்.

தண்டையார்பேட்டை27:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு ஞாயிறு தம்பியோடு மைதானத்தில் எட்டு போட்டேன். முதல் ஞாயிறு விரல் தானாக முன் பிரேக்குக்குப் போனது, இரண்டாவது ஞாயிறு பாதிக்கு மேல் போகவில்லை. நேற்று வேறொரு ஷோரூமில் ஹன்ட்டர், மீட்டியோர் இரண்டையும் கேட்டேன், சாயங்காலம் ஆறு மணிக்கு, டிராபிக் இருக்கும்போதே வேண்டும் என்று சொல்லித்தான் எடுத்தேன். மீட்டியோரில் கால் நன்றாகத் தரையில் நின்றது, ஆனால் கால் பிரேக் கொஞ்சம் முன்னால் இருப்பதால் யூ டர்னில் அதை உரசி வைப்பது எனக்குச் சரியாக வரவில்லை. ஹன்ட்டரில் முன்பாதம்தான் ஊன்றுகிறது, ஆனால் ஒரே வீச்சில் திரும்பிவிட்டேன், கால் கீழே வைக்கவில்லை. இரண்டாவது தடவையும் திரும்பிப் பார்த்தேன், வந்தது.

ஹன்ட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டேன். 650 வேண்டாம் என்று தம்பியின் நண்பரிடம் சொல்லியாயிற்று. வண்டி வந்ததும் நேராகக் கும்மிடிப்பூண்டிக்குப் போகலாமா?

பெரம்பூர்_ஸ்பேனர்:

வேண்டாம். ஒரு நாளில் 90 கிலோமீட்டர் கை பழகாதவருக்கு அதிகம், தூக்கம் கெட்ட ஷிப்ட் முடிந்து வருவது இன்னும் ஆபத்து. முதல் மாதம் வேனை விடாதீர்கள். விடுமுறை நாளில் காரனோடை வரை போய் வாருங்கள், அடுத்த வாரம் கவரைப்பேட்டை, அப்புறம் சிப்காட். இரவு ஷிப்ட்டுக்கு மூன்று மாதம் எடுக்கவே வேண்டாம். புது டயர் முதல் 150 கிலோமீட்டருக்கு வழுக்கும், சாய்க்காதீர்கள். முதல் சர்வீஸ் 500 கிலோமீட்டரில், அதுவரை இஞ்சினை விரட்ட வேண்டாம்.

காசிமேடு_காற்று:

செயினையும் பாருங்கள். கடல் காற்று படும் தெருவில் வண்டி வெளியே நின்றால் இரண்டே வாரத்தில் செயின் பின்களில் பழுப்பு ஏறும். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை துடைத்துச் செயின் லூப் (மசகு) போடுங்கள், மழையில் நனைந்தால் அன்று இரவே. கவர் போட்டால் ஈரம் உள்ளே தங்காமல் அடியில் கொஞ்சம் திறந்து விடுங்கள்.

தண்டையார்பேட்டை27:

சரி அண்ணா. ஹெல்மெட் இன்று மாலை வாங்கப் போகிறேன். வண்டி அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறது, ஞாயிறு காலை முதலில் மைதானத்தில் எட்டு, அப்புறம் காரனோடை.